இரண்டு குழாய், ஒரே கை

திருமண முன்தயாரிப்பு வகுப்பில் இரண்டாம் நாள் மதியம் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். ஆளுக்கொரு தாள், எண்பது கேள்வி. இரண்டு தாளையும் ஒப்பிட்டு ஜோடிப் பொருத்தத்தைச் சதவீதத்தில் சொல்லிவிடுவார்களாம்.

இந்த ஜோடிக்கு மாதா கோயிலில் ஏற்கெனவே இரண்டு திருமண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும்" என்று இரண்டு ஞாயிறு கேட்டும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்றாவதும் கடைசியுமான ஓலை மறுநாள் காலை.

மாப்பிள்ளை, ஆளுமைப் பயிற்சியாளர். கம்பெனி கம்பெனியாகப் போய், உன்னை நீ அறி என்று மைக்கில் கத்துவது தொழில். அவர் தன் தாளை மணப்பெண் பக்கம் தள்ளினார்.

"என்னோடதையும் நீயே போட்டுடும்மா. ஒரு போன் பேசணும்."

"உங்களைப் பத்தி நீங்கதானே போடணும்?"

"என்னை உன்னைவிட யாருக்குத் தெரியும்? இதெல்லாம் நான் மத்தவங்களுக்கு எடுக்குற கிளாஸு."

வராந்தாவுக்குப் போய்விட்டார். தன்னை அறிவதில் அவருக்கு ஆர்வம் குறைவு. அறிந்தவரை ஏமாற்றம்தான் போலிருக்கிறது.

மணப்பெண் ரத்த வங்கியில் டெக்னீஷியன். மாப்பிள்ளையின் தாளில் முதல் பத்துக் கேள்விகளுக்கு யோசித்து யோசித்து உண்மையாகவே டிக் போட்டாள். பதினோராவது: 'துணை சோர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்?' ஆறு மாதப் பழக்கத்தில் அவள் எத்தனையோ நாள் சோர்ந்து வந்திருக்கிறாள். அவர் கவனித்ததாக நினைவில்லை. 'அருகில் உட்கார்ந்து கேட்பேன்' என்பதற்கு டிக் போட்டாள். மீதி அறுபத்தொன்பதுக்கும் தன் தாளில் போட்டபடியே கை தானாக ஓடியது.

வகுப்பை நடத்தியது ஒரு தம்பதி. இருபத்தெட்டு வருட இல்லறம். ஐயா பேசுவார்; அம்மா கம்ப்யூட்டரில் படம் மாற்றுவார். 'காது கொடுப்பதே காதல்' என்ற தலைப்பில் ஐயா ஒன்றரை மணி நேரம் யாரையும் வாய் திறக்கவிடவில்லை. பிறகு முடிவை அறிவித்தார்.

"தொண்ணூத்திமூணு! இப்படி ஒரு ஜோடி இந்த வகுப்புக்கு வந்ததே இல்லை. கை தட்டுங்க!"

மாப்பிள்ளை எழுந்து கும்பிட்டார். "நான் எப்பவுமே சட்டுனு கனெக்ட் ஆகிற டைப் சார்."

டீ இடைவேளையில் அம்மா தாள்களோடு வந்து மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாளில் அவர் குரலை அப்போதுதான் கேட்க முடிந்தது.

"ரெண்டும் ஒரே பேனா. ஒரே கை."

"சாரிம்மா. அவருக்குப் போன் வந்துச்சு."

"வரும் வரும். எங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு வந்துச்சு. நான் உன்னைவிட கவனமா போட்டிருந்தேன்."

உள்ளேயிருந்து ஐயா கூப்பிட்டார்: "ஏம்மா, அடுத்த படம்!" அம்மா எழுந்து போனார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரே ஆள் கையில் எடுத்த ரத்தத்தை இரண்டு குழாயில் ஊற்றி, இரண்டு பெயர் ஒட்டிச் சோதித்தால் பிரமாதமாகப் பொருந்தும். அதை நம்பி ஏற்றினால் ஆள் காலி. அப்படி வரும் குழாய்களைப் பற்றி ரத்த வங்கியில் யாரும் யோசித்துக்கொண்டிருப்பதில்லை. கொட்டிவிட்டு வேறு சாம்பிள் கேட்பார்கள்.

அவள் எழுந்தாள். வராந்தாவில் மாப்பிள்ளை யாரிடமோ தொண்ணூற்று மூன்றைப் பற்றிப் பேசிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் வழிவிட்டார்.

பங்குத்தந்தை அலுவலக மேசையில் மறுநாள் அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நாளைக்கு எங்க ஓலையை வாசிக்க வேணாம். தடை இருக்கு."

"யாரும்மா சொன்னது?"

"நான்தான்."

பேனாவை மூடி வைத்தார். "என்ன தடை?"

"மாப்பிள்ளையோட சாம்பிள் இன்னும் வரலை ஃபாதர்."