பால்பல் தடங்கள்

கோடை வந்துவிட்டால் அந்தத் தெருவில் இருக்கும் ஐந்து கேலரிகளும் ஒரே வாரத்தில் கூட்டுக் கண்காட்சி வைத்துவிடும். படம் வாங்கும் பெரிய மனிதர்கள் குளிர்ந்த ஊர்களுக்குப் போய்விடுகிற காலம் அது. பேர்போன ஓவியருக்குத் தனிக்காட்சி வைத்து வீணாக்குவானேன் என்று, இளசுகள் இருபது பேரைச் சேர்த்து ஆளுக்கொரு சுவரைக் கொடுத்துவிடுவார்கள். கும்பலோடு கோவிந்தா. அக்காவின் தம்பி எட்டு வருடமாக அந்தக் கும்பலில் ஒருவன்.

அக்காவுக்குக் கலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பல். பல்செட் செய்யும் லேபில் பதினாறு வருட வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் எடுத்து, மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி, மேலும் கீழும் பொருந்துகிறதா என்று கடிக்க வைத்துப் பார்ப்பாள். ஒரு கடியைக் காட்டினால் போதும், அது என்ன வயசு வாய், எந்தப் பக்கம் மெல்லுகிற வாய் என்று சொல்லிவிடுவாள். அவளுடைய பல் மட்டும் சரியில்லை. மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல் துருத்திக்கொண்டிருக்கும். சின்ன வயதில் சண்டை வந்தால் தம்பி அவளைக் கூப்பிடுவதே "ஏ தெத்துப்பல்லு" என்றுதான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவள் பெறாவிட்டாலும் தூக்கி வளர்த்த தம்பி. அதனால் கோடைதோறும் தெரு முழுக்க ஏறி இறங்கி அவன் படத்தைத் தேடிப் பிடிப்பாள். பிடித்ததும் ஒரு தந்திரம் செய்வாள். யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி அதன்முன் கைகட்டி நின்று, தலையைச் சாய்த்து, பத்து நிமிஷம் நகராமல் பார்ப்பாள். நடுவில் "அடேயப்பா!" என்று பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் நிற்பார், அப்புறம் நாலு பேர். "அக்கா, மானத்த வாங்காத" என்று தம்பி காதில் கிசுகிசுப்பான். "போடா, நான் வர்றதுக்கு முன்னாடி இங்க ஈ காக்கா இல்ல" என்பாள் அவள்.

போன கோடையில் அவள் போகவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வாண்டு போனான். முப்பத்தொன்பது வயதில், இனி எங்கே என்று கைவிட்ட பிறகு பிறந்த பிள்ளை. பதினாலு மாதம் இருந்தான். மேலே நாலு, கீழே நாலு, எட்டுப் பல். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அவன் படுத்த மரக்கட்டிலைப் பார்க்கிற தெம்பு வீட்டில் யாருக்கும் இல்லை. அவள் தம்பியைக் கூப்பிட்டு, "யார் கண்ணுலயும் படக்கூடாது. கொண்டுபோய் எரிச்சுடு" என்றாள். எரித்துவிட்டதாக மறுவாரம் அவன் வந்து சொன்னான். "நல்லதாப் போச்சு. அத இன்னொரு தடவை பார்த்தா என் உசுரு போயிடும்" என்றார் அவள் புருஷன். சும்மா பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். அந்தக் கட்டிலை அவரே பூட்டி, அவரே வெள்ளையடித்தவர்.

இந்த வருடம் அவளைக் கிளப்பியதும் அவர்தான். "எத்தனை நாள் லேபு, வீடுன்னு இருப்ப? ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ரெண்டு பேரும் உன் தம்பி படத்தப் பார்த்துட்டு வரலாம்." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, சரி என்றுவிட்டாள். மனுஷன் வெயிலில் ஐந்து கேலரி அலைய வேண்டாமே, எது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைப்போம் என்று, சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் தனியாகக் கிளம்பினாள். தம்பி போனில், "இந்தத் தடவை வராதக்கா, பெருசா ஒண்ணும் இல்ல" என்றிருந்தான். அடக்கமாம், ஐயாவுக்கு!

முதல் கேலரியில் உருக்கி வளைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டாவதில் ஒருவன் கண்ணாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டே இருக்கிற வீடியோ. எப்போதுதான் முடிப்பான் என்று ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள், அவன் முடிக்கிற வழியாக இல்லை. மூன்றாவதில் ஏசி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நான்காவதில், வாசலை ஒட்டிய சுவரில் இருந்த பெயர்ப் பட்டியலில் பதினோராவதாகத் தம்பி பெயர். நெஞ்சு கொஞ்சம் லேசானது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "அடேயப்பா"வைத் தொண்டையில் தயாராக வைத்தபடி உள் அறைக்குப் போனாள்.

அறை நடுவில் கட்டில் நின்றது.

ஒரு கால் குட்டை என்று புருஷன் மடித்து வைத்த அட்டைகூட அப்படியே இருந்தது. மெத்தை இல்லை. மேல்சட்டத்தில் வெள்ளைப் பெயிண்ட் பெயர்ந்து, பல் பட்ட இடமெல்லாம் மரம் தெரிந்தது. மேலிருந்து ஒரே ஒரு விளக்கு. சுவரில் ஒரு சின்ன அட்டை: பதினாலு மாதம். மரக்கட்டில், வெள்ளைப் பெயிண்ட், பால்பல் தடங்கள்.

அவள் அங்கேயே நின்றாள். நின்றது நின்றபடியே இருந்ததால், வழக்கம்போல ஒருத்தர் பின்னால் வந்து நின்றார், பிறகு இரண்டு பேர். பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் கேலரிப் பெண் வந்தாள். "மத்ததெல்லாம் மேலாப்ல கடிச்சது. விளக்கு விழுற இடத்தப் பாருங்க, எவ்வளவு ஆழம். பேச்சு வராத பிள்ளை வலிய மரத்துல எழுதி வச்சிருக்கு." ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினாள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அக்கா பார்த்தாள். சட்டம் முழுக்க அரிசி அரிசியாக, இடைவெளி விட்டு, வாண்டின் கடி. அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். விளக்கு விழுந்த இடம் மட்டும் வேறு. அகலமான வாய், அடுத்தடுத்து ஆறு பல், இடது ஓரத்தில் வரிசையை விட்டு விலகி ஒரு தனிக்குழி. லேபில் நேற்றுச் சேர்ந்தவன்கூட அதைப் பால்பல் என்று சொல்லமாட்டான்.

கையில் டீக் கோப்பையோடு உள்ளே வந்த தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா..."

"எரிச்சுட்டேன்னு சொன்னியேடா."

"ரெண்டு தடவை மண்ணெண்ணெய் ஊத்தப் போனேங்கா. கை வரல."

"கை வரலன்னா? ஊரக் கூட்டிக் காட்டுவியா? நாளைக்கு உங்க மாமா வர்றாருடா. இதப் பார்த்தா அந்த மனுஷன் உசுரோட வீடு திரும்புவாரா?"

அவன் கோப்பையைத் தரையில் வைத்தான். "எடுத்துடுறேன். இன்னைக்கே எடுத்துடுறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேளுக்கா. உனக்கு மட்டுமா அவன் போனான்? எனக்கும்தான். இந்த இடத்தப் பார்த்தியா?" என்று விளக்கு விழுந்த இடத்தைக் காட்டினான். "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி கடிச்சிருக்கான். எவ்வளவு வலி இருந்தா இப்படிக் கடிப்பான்! நான் அந்த வாரம் பூரா அவன்கூடத்தான் இருந்தேன். கவனிக்கலயே. ஒரு வருஷமா தினம் இதப் பார்க்குறேன். அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருந்தா பொழைச்சிருப்பான்."

அடித்துவிடலாமா என்றுதான் அதுவரை அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அது அப்படியே வற்றிப்போனது. பாவி, இதைச் சுமந்துகொண்டா ஒரு வருடமாக நடக்கிறான்?

"அது அவன் கடிச்சது இல்லடா."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதக்கா."

அவள் கைப்பையைக் கீழே போட்டாள். முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தாள். "மேடம், தொடக்கூடாது! மேடம்!" என்று கேலரிப் பெண் ஓடி வந்தாள். அதற்குள் அக்கா வாயைத் திறந்து அந்தக் குழிகளில் தன் பல்லை வைத்தாள். ஆறும் ஆறில் உட்கார்ந்தன. தெத்துப்பல் அதன் தனிக்குழியில் போய்ப் பொருந்தியது.

இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள். தம்பி அந்தக் குழிகளையும் அவள் பல்லையும் பார்த்தான். பிறகு அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய்க் கையை விரித்து, "போங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினான். அவன் குரல் உடைந்ததைக் கேட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது. கேலரிப் பெண்ணும் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்து கட்டிலைக் கழற்றினார்கள். அவன் திருகினான், அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு திருகாணி கழன்றதும் அவன் கேட்டான்.

"எப்பக்கா?"

"அவனுக்கு மாத்துச் சட்டை எடுக்கணும்னு கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிலேர்ந்து நான் வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப. கட்டில்கிட்ட நின்னு சட்டைய மடிச்சிட்டிருந்தேன். மாமா போன் பண்ணாரு. முடிஞ்சு போச்சுன்னாரு. கத்திடுவேன்னு பயமா இருந்துச்சு. அதான் கடிச்சேன்."

"நான் அப்ப அங்கதான இருந்தேன்!"

"ஹால்ல இருந்த. பாய்கூட விரிக்காம, செருப்போட படுத்துத் தூங்கிட்டிருந்த."

அவன் திருகுவதை நிறுத்தினான். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்கவில்லை.

"எழுப்பியிருக்கலாமேக்கா."

"ரெண்டு நாளா நீ கண்ணே மூடலையேடா" என்றாள் அக்கா. "எந்திரிச்சா உனக்கும் அவன் இல்லாமப் போயிடுவான். இன்னும் அரைமணி நேரம் உனக்காவது அவன் இருக்கட்டும்னு விட்டேன்."