பிசிறு நீக்கும் சொல்

பெரியவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் தம்பியின் சிரிப்பு உதட்டிலிருந்து கழன்று பட்டறைத் தரையில் விழுந்தது. மறுநாள் பெருக்க வந்தவள் அதை இரும்புத் தூளோடு சேர்த்து அள்ளிக் குப்பையில் கொட்டினாள். முறம் கொஞ்சம் கனத்தது என்பதைத் தவிர அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அது ஓர் ஆங்கிலச் சொல். ஃபெட்டில். அதைப் பேசிய நாட்டிலேயே இன்று அதை வினையாகச் சொல்பவர்கள் குறைவு. ஆதியில் அதன் குடும்பம் இடுப்பு வாரைச் சேர்ந்தது. வாரை இறுக்கியவன் வேலைக்கோ சண்டைக்கோ கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். ஆகவே ஆயத்தம் செய்வது அந்தச் சொல்லின் வேலையாயிற்று. பிறகு பல தலைமுறைகள் அது வீட்டு வேலைக்குப் போய்க் கலைந்ததை ஒழுங்குபடுத்தியது, உடைந்ததைச் சரிசெய்தது, சில இடங்களில் அடங்காதவனை அடித்தும் திருத்தியது. வயதான காலத்தில் வார்ப்படச் சாலையில் வந்து உட்கார்ந்தது. அச்சிலிருந்து எடுத்த இரும்பின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிறை உளியாலும் அரத்தாலும் நீக்குவது அங்கே அதன் வேலை. வேலை முடிந்து தன் நாட்டுக்குக் கிளம்பிய வெளிநாட்டு மேஸ்திரியிடம் மற்ற வேலையாட்கள் தொப்பியும் கடிகாரமும் கேட்டார்கள். பெரியவரின் தாத்தா சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர்கள் குடும்பப் பட்டறையில் உளிக்கு வேலையில்லை. வீட்டின் மூத்தவர் வார்ப்படத்தைச் சுத்தியலால் தொட்டுச் சொல்லை ஒரு தடவை சொல்வார். பிசிறு காய்ந்த தோல்போல் உதிரும். நிபந்தனைகள் சில உண்டு. மூத்தவர் மட்டுமே சொல்லவேண்டும் என்பது வீட்டு வழக்கம். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் பலிக்காது. தாத்தா தன் நொண்டிக் காலுக்குச் சொல்லிப் பார்த்துத் தோற்றவர். முக்கியமாக, ஒரே பொருளுக்கு இரண்டாம் தடவை சொல்லக்கூடாது. நீக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் அந்தச் சொல் சும்மா இருக்காது, தன் பழைய வேலையைத் தேடிப் பின்னால் போய்விடும்.

பெரியவர் வெளியூர் போயிருந்த சமயம் தம்பி நாலு பேர் பார்க்க, பிசிறு நீங்கிய பம்பு மூடி ஒன்றின்மேல் அதை மறுபடி சொன்னான். உள்ளே இருந்த விரிசல் ஒட்டிக்கொண்டு மறைந்தது. சேதி தெருவில் பரவ, ஓட்டை வாளியும் காலொடிந்த நாற்காலியும் வாசலில் வரிசை கட்டின. பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும்கூட வந்து நின்றார்கள். ஒவ்வொன்றுக்கும் இருமுறை சொல்லிச் சரிசெய்து அனுப்பினான் தம்பி. காசு வாங்கவில்லை, புகழ் வாங்கினான். திரும்பி வந்த பெரியவர் அந்த வரிசையில் எதிர்ப் பட்டறைக்காரன் கிழிந்த குடையோடு நிற்பதைக் கண்டார். மற்றதையெல்லாம் பொறுத்திருப்பார். அந்தக் குடையைப் பொறுக்க முடியவில்லை.

"தாத்தா வாங்கிட்டு வந்த சொல்லை ஓட்டை வாளி அடைக்க விட்டுட்டியேடா! ஊரான் எல்லாம் வாசல்ல நிக்கறான்!"

"சொல்லு என்ன, பீரோவுல வெச்சுப் பூட்டற நகையா அண்ணா? வாயில இருக்கறது, வாயாலயே தேயட்டுமே" என்று தம்பி சிரித்தான்.

பெரியவர் சுத்தியலை அவன் தோளில் வைத்தார். சிரிப்பு விழுந்தது அப்போதுதான்.

அந்த மாதமே பட்டறையையும் வீட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுந்தது. பாகமே பிரியாத குடும்பம் என்று நிமிர்ந்து நடந்தவர் பெரியவர். சுவரைப் பார்க்காமலிருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் ஒருவரோடு அவர் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் தம்பி சுவரைச் சுற்றி வந்து, அவர் முழங்காலைச் சுத்தியலால் தொட்டுச் சொல்லைச் சொன்னான்.

"என்கிட்ட என்னடா பிசிறு இருக்கு?" என்றார் பெரியவர், அசையாமல்.

காலடியில் கஞ்சி போட்ட காலர்போல விறைப்பாக ஏதோ விழுந்தது. அது அவருடைய மரியாதை. வாடிக்கையாளர் எழுந்து, "சரி, நான் வரேன், நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அன்றுமுதல் எவர் நாக்கும் பெரியவருக்கு 'வாங்க' கொடுக்கவில்லை. மருத்துவர் "நாக்கை நீட்டு" என்றார். பேரன் "ஏய், இங்க வா" என்றான். தவறான எண்ணில் தொலைபேசியவன்கூட "யாருடா நீ?" என்றுதான் ஆரம்பித்தான். மனைவி மட்டும் மாறவில்லை. கல்யாணமான நாள்முதல் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித்தான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

பரிகாரம் இருவருக்கும் தெரியும். இன்னொரு தடவை சொன்னால் சரியாகிவிடும். ஆனால் அவனிடம் இவர் கேட்கவேண்டும், இவரிடம் அவன் கேட்கவேண்டும். தம்பியின் மகள் முதல் அடி எடுத்துவைத்தபோது அவன் வாய் சாத்திய மேசை இழுப்பறைபோல் இருந்தது. பெரியவர் வெளியே போவதையே நிறுத்தினார். வருடங்கள் போயின, இரண்டு பேரின் தலையும் நரைத்தது, கேட்கவில்லை.

கடைசியில் பெரியவரின் மனைவி துருப்பிடித்த உளியை எடுத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஓட்டை போட்டாள். இந்தப் பக்கம் கணவரையும் அந்தப் பக்கம் கொழுந்தனையும் நிறுத்தினாள்.

"சுத்தியலை உள்ள விட்டுத் தொட்டு, ஆளுக்கு ஒரு தடவை சொல்லுங்க. ஒரே நேரத்துல. யாரு முதல்லன்னு பேச்சே வேண்டாம்."

"அவன் சொல்லாம இருந்துட்டா, அண்ணி?"

"இவன் ஏமாத்துவான்" என்றார் பெரியவர்.

"ஏமாத்தினா ரெண்டு பேருக்கும் நாளையிலேர்ந்து சோறு கிடையாது."

சொன்னார்கள். "அண்ணா, நீங்க..." என்று ஆரம்பித்த தம்பி, தன் வாயில் வந்த மரியாதையைக் கேட்டுத் திடுக்கிட்டான். இருவரும் குனிந்திருந்த ஓட்டை வழியே அண்ணனின் ஈரக் கண் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சிரிப்பும் வந்து சேர்ந்தது. வருடக்கணக்கில் தேங்கியது மொத்தமாகப் பீறிட்டது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெரியவருக்கு மரியாதை அப்போதுதான் திரும்பியிருந்தது. "என்னைப் பார்த்தாடா சிரிக்கிறே?" என்று சுத்தியலை நீட்டி மறுபடி சொன்னார். தம்பியின் தலை தானாகச் சீவிக்கொண்டது, காலில் செருப்பு ஏறியது, தோளில் பை தொங்கியது. கடைசிச் சொல் அண்ணனுடையதாக இருக்க அவன் விடுவானா? அவனும் சொன்னான். பெரியவரும் பயணத்துக்கு ஆயத்தமானார். "போதும், நிறுத்துங்க!" என்று அவள் கத்தியதை இருவரும் காதில் வாங்காமல் ஒரே மூச்சில் இன்னொரு தடவை சொன்னார்கள்.

சொல்லுக்கு அதற்குப் பின்னால் போக ஒரே இடம்தான் இருந்தது. குதிரை வாடை அடிக்கும் அகலமான தோல் வார் ஒன்று பெரியவரின் இடுப்பைச் சுற்றி, ஓட்டை வழியே போய், தம்பியின் இடுப்பையும் சுற்றி இறுகியது. அதற்குக் கொக்கி இல்லை. அதை அறுக்கப்போன உளி மழுங்கியது, கிரைண்டர் சக்கரம் உடைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வரவேண்டும் என்பதற்காகச் சுவரை இடித்தார்கள். அதற்குமேல் யார் எத்தனை தடவை சொன்னாலும் எதுவும் நடக்கவில்லை. சொல் தன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது பிசிறை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உளியால் நீக்குகிறார்கள். பகை அப்படியேதான் இருக்கிறது. நேருக்கு நேர் பேச்சு இல்லை, வேண்டியதைப் பெரியவரின் மனைவி மூலமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் திட்டுகிறார். தையல்காரர் சட்டையில் பக்கவாட்டில் திறப்பு வைத்துத் தருகிறார். தெருவும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. பட்டறை வாசலை மட்டும் இடித்து அகலமாகக் கட்டவேண்டியிருந்தது, இருவரில் எவரும் மற்றவர் பின்னால் நுழையச் சம்மதிக்காததால்.