மாற்றிப் பூட்ட வேண்டிய பற்றரி

என் கணவர் அபூசாலிக்கு ஊர் வைத்த பெயர் 'தள்ளு முதலாளி'. எங்கள் பழைய ட்ரெக்டரின் டைனமோ செத்துப் போனதிலிருந்து பற்றரியில் சார்ஜ் நிற்பதில்லை. காலையில் நாலு பேர் தள்ளினால்தான் அது உயிர் பெறும். வீதியில் என்றால் தள்ளலாம். சேற்றில் நின்றுவிட்டால் யார் தள்ளுவது? போன சிறுபோகம் வயலுக்கு நடுவில் அப்படித்தான் நின்றது. உழவில்லை, விதைப்பில்லை. இந்தமுறையும் வயல் தரிசாகக் கிடந்தால் எங்களுக்குச் சோறு இல்லை.

காரைதீவு மெக்கானிக் நல்லரெத்தினம் வந்து டைனமோவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக லொறியொன்றின் அல்டனேட்டரைப் பூட்டினான். அதற்குள் பொழுது பட்டுவிட்டது.

"காக்கா, பற்றரிய நாளைக்கு நான் வந்து பூட்டுறன். நீங்க கை வைக்க வேணாம்," என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனான். ஏன் என்று இவர் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இவருக்கு எங்கே இருந்தது?

விடிந்தபோது தமிழ்-முஸ்லிம் கலவரம். காரைதீவுப் பக்கம் புகை தெரிந்தது. பாதை அடைபட்டது. எங்கள் ஊரிலும் யாரும் வெளியில் வரவில்லை, தள்ளக்கூட ஆளில்லை. வாய்க்காலில் மட்டும் உழவுக்கான தண்ணீர் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது.

ஒரு கிழமை பொறுத்தார். பிறகு பற்றரியைத் தூக்கினார்.

"அவன் வரட்டுமே," என்றேன்.

"இருவது வருசமா நான் பூட்டாத பற்றரியா புள்ள?"

வழக்கம் போலவே பூட்டினார். குபீரென்று புகை. அல்டனேட்டரிலிருந்து ஸ்டாட்டர் வரைக்கும் வயரெல்லாம் உருகி ஒழுகியது. வாசல் மணலில் அப்படியே குந்திவிட்டார். இந்தப் போகமும் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. நல்லரெத்தினத்தைத் தாய் தகப்பன் வரை இழுத்து ஏசினார். நானும் குறையாமல் ஏசினேன்.

அடுத்த நாள் அம்புலன்ஸ் ஓட்டும் முகம்மது தம்பி வந்தார். அவருக்கு மட்டும்தான் காரைதீவுக்குப் போய்வர வழி இருந்தது. நல்லரெத்தினத்தின் வீடு எரிந்துவிட்டதாம். பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருக்கிறானாம்.

"உங்களுக்கு ஒரு சங்கதி சொல்லி உட்டிருக்கான். பழைய டைனமோவுக்கு பொசிட்டிவ் வயரத்தான் மெசின்ட இரும்பில பூட்டுற. இதுக்கு மாத்திப் பூட்டணுமாம். பழைய மாதிரிப் பூட்டினா எரிஞ்சி போயிருமாம். என்ட கையப் புடிச்சி ரெண்டு தரம் சொன்னான்."

நேற்று ஏசிய ஏச்சுக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்குத் திரும்பவும் போறன். அவனுக்கு என்ன சொல்லட்டும்?"

இவர்தான் பதில் சொன்னார்.

"மாத்தித்தான் பூட்டின எண்டு சொல்லுங்க. லைட்டெல்லாம் நல்லாப் பத்துது எண்டு சொல்லுங்க."