வண்டியை இரண்டு அங்குலம் தூக்குவது

1

இந்தக் கதை ஒரு போன் பேச்சிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறை வைத்திருக்கும் ஒருவன் போன செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, தன்னிடம் வந்த வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிச் சொன்னான். இருபது வருடப் பழைய பிக்கப் வண்டி. அதன் உடலைச் சக்கரங்களுக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுக்கவேண்டும் என்று வந்து நிற்கிறாராம். நாலு வேண்டாம், மூன்று வேண்டாம், இரண்டே இரண்டு. அன்றைக்கு நான் சாப்பிட மறந்துபோனேன். சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அந்த மனிதர் பட்டறைக்குள் வண்டியை நுழைத்தபோது வெளியே மழை—"

(மழை பெய்யவில்லை. கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாதபோதெல்லாம் நான் மழையைத் துணைக்குக் கூப்பிடுவேன். வாசகர்கள் பலர் நனைந்திருக்கிறார்கள்.)

இரண்டாவது: "உயரம் என்பது மனிதனின் ஆதி ஆசை, அவன் நிமிர்ந்து நின்ற நாள் முதல்—"

(இதை எழுதிய கையை என்ன செய்வது.)

மூன்றாவது: "ஒருவருக்கு ஒரு வண்டி இருந்தது." இது பரவாயில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஒருவருக்கு ஒரு வண்டி இருந்தது. தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது அவர் தொழில். வண்டியின் பின்தட்டில் செத்த மோட்டார்கள் இரண்டு, ஒரு சுருள் குழாய், ஒரு கனத்த சங்கிலி எப்போதும் கிடக்கும். அவற்றைச் சுமந்து சுமந்து ஸ்பிரிங்குகள் அமுங்கிவிட்டன. வண்டி உட்கார்ந்துவிட்டது என்பார்கள் பட்டறையில்.

பட்டறைக்காரன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"நாலு இஞ்சு செட்டு ஒண்ணு கைவசம் இருக்கு. மாட்டினா வண்டி ஆளே மாறிடும்."

"ஆள் மாற வேணாம். ரெண்டு போதும்."

"ரெண்டு தூக்கினா தூக்கின மாதிரியே தெரியாதே."

"தெரியவேண்டியவங்களுக்குத் தெரியும்."

(கடைசி வரியை அவர் சொல்லவில்லை. நான்தான் சொல்லவைத்தேன். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. "ரெண்டு போதும்" என்பதே அவருக்கு ஒரு சொற்பொழிவு.)

மூன்று நாட்களாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நாலு அங்குலம் தூக்கினால் பிரேக் குழாய் எட்டாமல் இழுபடும். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு அதிகம் சாய்ந்து அதிரும். வளைவில் வண்டி ஆடும். ஒன்றை உயர்த்தினால் இன்னும் பத்தை மாற்றவேண்டும். இரண்டு என்றால் முன்னால் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையம், பின்னால் புது ஸ்பிரிங் பட்டைகள், அவ்வளவுதான். பழைய வண்டி தாங்கக்கூடிய ஆசை இரண்டு அங்குலம்தான் என்று ஒரு வரி எழுதினேன். அழகாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். பிறகு அது உண்மை என்பதால் திரும்ப எழுதினேன்.

3

அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

அந்த வாடிக்கையாளர் என் கணவர். பட்டறைக்காரன் என் தம்பி. அவன் போனில் உண்மையில் சொன்னது இது:

"அக்கா, மாமா வண்டியத் தூக்கணும்னு வந்து நிக்கிறாரு. ரோடு சரியில்லையாம். எந்த ரோடு மாமான்னு கேட்டா, ஏதோ ஒரு ரோடுங்கிறாரு."

தம்பியை எங்கள் குடும்பத்தில் ஓட்டைவாய் என்போம்.* அவன் முகத்துக்கு நேராகவே.

(* இதற்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டும். அவனிடம் எந்த ரகசியமும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தங்காது. அதனால் ஒருவரிடம் நேரே சொல்ல வாய் வராததை அவனிடம் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். தபால் தவறாமல் போய்ச் சேரும். என் கல்யாணத்துக்கு நான் சம்மதித்ததுகூட அப்படித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. நாங்கள் இப்படிச் செய்கிறோம் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.)

பதினாலு மாதங்களுக்கு முன் நான் இந்த ஊருக்கு வந்தேன். வீட்டிலிருந்து நாலு மணி நேரப் பயணம். இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, தெருவைப் பார்க்கும் ஒரு சன்னல். ஒரு நாவலை முடிக்க மூன்று மாதம் வேண்டும் என்று கேட்டேன். அவர்தான் என்னையும் ஆறு பெட்டிப் புத்தகங்களையும் கொண்டுவந்து விட்டார். இந்தத் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது, யாரோ கோபத்தில் கட்டியதுபோல அவ்வளவு உயரம். பாரத்தோடு ஏறும்போது வண்டியின் அடிவயிறு அதில் உரசி, தெருவே திரும்பிப் பார்த்தது. பெட்டிகளை மாடிக்கு ஏற்றி முடித்ததும் அவர் தரையில் முழங்காலிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லு" என்றார்.

நாவல் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. நான் சொல்லவில்லை. எப்போ வர்ற என்று அவர் ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று இருந்தேன். மாதம் இரண்டு முறை போன் பேசுகிறோம். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவோம். பிறகு வைத்துவிடுவோம். அந்த மூச்சுக்காகத்தான் நான் போனை எடுக்கிறேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறெங்கும் சொல்லப்போவதில்லை.

4

தம்பி சொன்ன இன்னொரு விவரத்தை நான் இரண்டாம் பகுதியிலிருந்து மறைத்தேன். கதாசிரியர்கள் செய்கிற சில்லறை வேலை. மன்னியுங்கள்.

அவர் பட்டறையில் டேப்பை வாங்கி, தரையிலிருந்து ஏறும் படி வரைக்கும் அளந்தாராம். ஓட்டுகிறவர் பக்கம் இல்லை, மறுபக்கம். மூன்று முறை. இருபத்திரண்டு அங்குலம்.

"புதுசுல இது எவ்வளவுடா மாப்ள இருந்துச்சு?"

தம்பி பழைய புத்தகத்தைத் தேடிப் பார்த்து, "இருபத்திநாலு மாமா" என்றான்.

"அவ்வளவு போதும்."

அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் எனக்குள் நடக்கிறது.

வண்டி புதிதாக வந்தபோது எனக்கு அதில் ஏற வராது. நான் குட்டை. வலது காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு அந்தரத்தில் நிற்பேன். அவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பார். இறங்கி வந்து தூக்கிவிடுகிற ஆள் இல்லை. இருக்கைக்குக் குறுக்கே சாய்ந்து கையை நீட்டுவார். "கையக் கொடு." ஒரே இழுப்பு. அந்தக் கையில் எண்ணெயும் துருவும் மணக்கும். சில நாள் இழுத்த பிறகும் விடமாட்டார், முதல் கியர் போடுகிற வரைக்கும். போடுவதற்கு அந்தக் கைதான் வேண்டும் என்பதால் விடுவார்.

வருடங்கள் போகப்போக வண்டி அமுங்கியது. எனக்கு ஏறுவது சுலபமாயிற்று. ஒருநாள் நானே ஏறிவிட்டேன். மறுநாளும். கை நீட்டுவது எந்த நாள் நின்றது என்று எனக்குத் தெரியாது. சண்டை போட்டு நின்றிருந்தால் தேதி ஞாபகம் இருக்கும். இது ஸ்பிரிங் அமுங்குவதுபோல நின்றது, இரண்டு பேருக்கும் தெரியாமல்.

அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறதா? இதுதான் நான் இந்தக் கதையிடம் கேட்கிற கேள்வி. கதை பதில் சொல்ல—

5

புதன்கிழமை நானே தம்பியைக் கூப்பிட்டேன். எதுக்காம் தூக்குறாரு என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"விக்கப் போறாரோ என்னவோ. உட்கார்ந்த வண்டிய எவன்க்கா வாங்குவான்?"

இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. நேர்மையாக அதையும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: வண்டி நிமிர்ந்தது. ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்தார், பிடித்துப்போயிற்று. மோட்டார்க்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். பெரிய பாரம் ஒன்றை இறக்கி—

முடியவில்லை. அந்தப் பாத்திரத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் செய்யமாட்டார் என்று எழுதப்போனேன். தெரியுமா என்ன? பதினாலு மாதம் ஒருவரை விட்டுவிட்டு இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக நாமே அவரை எழுதிவிடுகிறோம். நான் ஏங்குவது அவருக்காகவா, நான் எழுதிவைத்திருக்கும் ஒருவருக்காகவா என்றுகூட அன்று மதியம் சந்தேகம் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அழுதேன். அதில் இலக்கியம் எதுவும் இல்லை.

6

வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டான். வேலை பாதியில் இருந்தது.

"பின்பட்டை எத்தனை கனத்துல போடணும்னு தெரியணும்ல. பாரத்த வச்சுத்தான் கணக்கு. எவ்வளவு ஏத்துவீங்க மாமான்னு கேட்டேன். ரெண்டு மோட்டார், சங்கிலி, குழாய்னு சொல்லுவாருன்னு பார்த்தா, கிறுக்குத்தனமா ஒண்ணு கேக்குறாரு."

"என்ன கேட்டாரு?"

"ஒரு பெட்டி புத்தகம் எவ்வளவு எடை வரும்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எத்தனை பெட்டின்னு சொன்னாருடா?"

"சொன்னாரு. மறந்துட்டேன்க்கா. கனமான பட்டையே போட்டுட்டேன்."

பிறந்ததிலிருந்து எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாத வாய், இந்த ஓர் எண்ணை மட்டும் தொலைத்துவிட்டது. ஏன் இது முக்கியம் என்று சொல்கிறேன். இந்த அறையில் இருப்பவை ஆறு பெட்டிகள். வீட்டில் நான் விட்டுவந்தவை ஒன்பது. ஆறு என்று சொல்லியிருந்தால் அவர் என்னைக் கூட்டிப்போக வருகிறார். ஒன்பது என்றால், மிச்சத்தையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இனி நீ இங்கேயே இரு என்று சொல்ல வருகிறார். அதை வாயால் சொல்லக்கூட மாட்டார். பெட்டிகளை அடுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. பாவம், நான் முதல் நாளே சொல்லிட்டேன். தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கமாட்டாரு" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பி, நாவல் முடிஞ்சிருச்சுடா. எப்பவோ முடிஞ்சிருச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றேன்.

"சத்தியமா சொல்லமாட்டேன்க்கா."

"மாமாகிட்ட முக்கியமா சொல்லாதே."

"சே, சே" என்றான் அவன்.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன. எதையும் நான் எழுதப்போவதில்லை.

வண்டியைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பின்பக்கம் தாழ்ந்து வந்தால் ஒன்பது பெட்டிகள் மேலே இருக்கின்றன. பின்பக்கம் எழும்பி, வெறுந்தட்டோடு குதித்துக் குதித்து வந்தால் ஆறு பெட்டிகளுக்கு இடம் காலியாக இருக்கிறது. ஆனால் இந்தச் சன்னலிலிருந்து முதலில் தெரிவது வண்டியின் முகம்தான். கடந்துபோய் நின்ற பிறகுதான் பின்பக்கம் தெரியும். தெருமுனை மேட்டில் இனி அது உரசவும் உரசாது. சத்தத்தை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் சன்னலில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது. நல்லவேளை, உங்களிடம் அச்சில்தான் வரும்.

நீங்களும் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா, எழும்பியிருக்கிறதா, நீங்கள் எதை நினைக்கிறீர்களோ அதுவே முடிவாக இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். மூன்று நாட்களாகக் காலையில் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, டேப் வைத்து அளந்து, இருபத்திநாலு அங்குலத்துக்கு ஏறிப் பார்க்கிறேன். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் விரல் நுனி மட்டும். இன்றைக்கு எதையும் பிடிக்கவில்லை. வலது முழங்கால் ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான், ஏறிவிட்டேன். அந்த உயரத்தில் இப்போது எனக்கு யார் கையும் வேண்டியதில்லை.

அவர் வந்தால், கதவைத் திறந்து, வலது காலைப் படியில் வைத்து, அப்படியே நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். என்னால் ஏற முடியும் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நிஜமாகவே சொல்லக்கூடாது.