தைரியராஜ் அண்ணன் விழுந்த நாள்

பொன்மலை செம்மண் கிரவுண்டில் ஹாக்கி ஆடிவிட்டு வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குப் போன ஒரே மனிதர் தைரியராஜ் அண்ணன்தான். இத்தனைக்கும் அவர் கோல்கீப்பர். எண்பத்திரண்டாம் வருஷம் மட்டையைக் கீழே வைக்கிறவரை, ஒரே ஒரு நாளைத் தவிர, அப்படித்தான் ஆடினார். அவருக்கு முன்னால் ஃபுல்பேக்காக ஆடியவன் நான். கொஞ்சம் அளப்பேன்தான், ஆனால் இது அளப்பு இல்லை. எதிராளி மட்டையைத் தூக்கும்போதே பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே போய் நின்றுவிடுவார். பந்து அவர் காலில் கட்டிய பேடில் வந்து முட்டும். ஒரு உதை. வேலை முடிந்தது.

இதுவே அவருக்கு வினையாகவும் போயிற்று. மாநில அணிக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள், விழுந்து புரண்டு சட்டை சிவந்து நிற்கிறவனைத்தான் பார்ப்பார்கள். "உங்க கீப்பருக்கு இன்னிக்கு வேலையே இல்லையேப்பா" என்று ஒரு புண்ணியவான் என்னிடமே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் இதே கூத்து. எழுபத்தாறில் அண்ணனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை விட்டால் அப்புறம் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

தேர்வு ஆட்டத்துக்கு முன்னால் பேடைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சினேன். "அண்ணே, ஒரே ஒரு தடவை சும்மாவாச்சும் விழுங்கண்ணே."

"விழுந்தா எந்திரிக்கணும்டா. அதுக்குள்ள அடுத்த பந்து வந்துடும்," என்றார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிர் அணிக்கு ஒரு பெனால்டி கார்னர். அடித்தவர் உறையூர் முஜிபுர் ரஹ்மான்; அவர் அடித்தால் கோல் பலகை அதிரும். அண்ணன் இடது பக்கம் நின்றார், பந்து வலது மூலைக்குப் பறந்தது. அண்ணன் முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்து, பந்தைக் கையால் தடுத்துவிட்டு மண்ணில் குப்புற விழுந்தார். அவர் எழுவதற்குள் நான் பந்தை வெளியே அடித்தேன். கிரவுண்டே எழுந்து நின்று கைதட்டியது. அன்று சாயந்திரம் மாநில அணிக்குக் கோல்கீப்பர் என்று வாசித்த பெயர் அவருடையதுதான்.

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நேராகத் தேர்வாளரிடம் போனார். "சார், நான் நின்ன இடம் தப்பு. ஒரு அடி தள்ளி நின்னுட்டேன். அதனாலதான் விழ வேண்டியதாப் போச்சு."

"பாருங்கய்யா, என்ன ஒரு தன்னடக்கம்!" என்று தேர்வாளர் அவர் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலையில் அண்ணன் முஜிபுரைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிரவுண்டுக்கு வந்துவிட்டார். "நேத்து அடிச்சீங்களே பாய், அதையே அடிங்க," என்றார். முஜிபுர் அடிக்க அடிக்க, நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் பந்து தானாக வந்து பேடில் முட்டியது. அப்போதுதான் சிரித்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஊருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்திருந்த தேர்வாளர் ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"ஏன்ப்பா, விழவே மாட்டேங்கறாரு? நேத்து அடி கிடி பட்டுடுச்சா?"