பாதாம் இலைத் தண்ணீர்

"அந்த பிளக்க புடுங்காத அண்ணி" என்று தங்கம் சொல்வதற்குள் நாத்தனார் தாயம்மா பிடுங்கிவிட்டாள். மேசை மேலிருந்த மீன் தொட்டியில் குமிழி நின்றது. அதே ஓட்டையில் ஐஸ் பெட்டியின் பிளக் ஏறியது. பெட்டி ஒரு தரம் உதறிக்கொண்டு உறுமத் தொடங்கியது. உள்ளே தங்கத்தின் புருஷன் சுப்புராயன் மூக்கில் பஞ்சோடு கிடந்தார்.

மந்தைவெளி பக்கம் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. கூடத்துக்கு ஒரு பிளக், சமையல்கட்டுக்கு ஒரு பிளக், அதுவும் கருகிப்போனது. அதற்கு மேல் வேண்டியிருக்கும் என்று கட்டினவன் நினைக்கவில்லை.

தங்கம் எழுந்தாள். இரு பக்கமும் இருந்த பெண்கள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

"வாய் விட்டு அழுதுடு தங்கம். உள்ளயே வெச்சிக்கினு இருக்காத."

அவளுக்கு அழுகை வரவில்லை. தொட்டியைப் பார்த்தாள். நீலக்கோடும் சிவப்பு வாலுமாக அரை விரல் நீளம்கூட இல்லாத நியான் மீன்கள். எப்போதும் ஒரே கூட்டமாக ஒரே பக்கம் திரும்புகிறவை, இப்போது கூட்டம் கலைந்து ஆளுக்கொரு மூலையில் நின்றன. அவை தாங்கும். கரண்ட் போன நாளெல்லாம் தாங்கியிருக்கின்றன. அவள் பயம் மேசைக்கு அடியில் கருப்புத் துணி போர்த்தியிருந்த சின்னத் தொட்டியைப் பற்றி. அதற்கும் அதே மோட்டாரிலிருந்துதான் காற்று.

நியான் வளர்க்கலாம், குஞ்சு பொரிக்க வைக்க முடியாது, மெட்ராஸ் தண்ணிக்கு ஆகாது என்று மீன் கடைக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். சுப்புராயன் கேட்கவில்லை. டைல்ஸ் கடையில் லோடு இறக்கிவிட்டு வந்து, முதுகு நிமிராத நிலையிலும் மொட்டை மாடிக்குப் போய் மழைத்தண்ணி பிடித்தார். தெருவில் உதிர்ந்த பாதாம் இலையைப் பொறுக்கிக் காயவைத்து அதில் ஊறப்போட்டார். தண்ணி டீ டிகாஷன் மாதிரி ஆகும்; அதில் குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கலக்க விடமாட்டார். எத்தனையோ முறை முட்டை வெள்ளையாகப் பூத்துக் கெட்டுப்போனது. போன வாரம்தான் கெடவில்லை.

"பொரிச்சிடுச்சி தங்கம்" என்று காதருகில் வந்து சொன்னார், யாரோ ஒட்டுக் கேட்பதுபோல. "வெளிச்சம் ஆவாது. நீந்த ஆரம்பிக்கட்டும், காட்டறேன்."

"எனுக்கு அத வுட்டா வேற வேல இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

நேற்று சாயங்காலம் லோடு இறங்கி முடிந்ததும், அடுக்கி வைத்த பெட்டி மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தங்கம் மறுபடி எழப் பார்த்தாள். மறுபடி அமுக்கினார்கள். "புருஷன் மூஞ்சிய பாக்கணும்னு துடிக்குது பாரு" என்றாள் ஒருத்தி.

மாலைகளைத் தூக்கிக்கொண்டு மகன் அறிவு உள்ளே வந்தான். தங்கம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அறிவு, அந்த மோட்டருக்கு எங்கியாவது கரண்ட் குடுடா."

"எந்த மோட்டரு?"

"மீனுக்கு."

அவன் அம்மா பக்கம் திரும்பினான். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்ற கண், சிவந்திருந்தது.

"நைனா அங்க கெடக்கறாரு. நீ மீனுக்கு கரண்ட் கேக்கற. இன்னாம்மா நீ?"

சட்டையை விடுவித்துக்கொண்டு போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவளின் காலிடுக்கு வழியாகத் தங்கம் கருப்புத் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அஸ்மத்துன்னிசா காபி கொண்டுவந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று காலையிலிருந்து அவள் வீட்டில்தான் எல்லாருக்கும் காபி. டம்ளரை வாங்குகிற சாக்கில் தங்கம் அவள் கையைப் பிடித்தாள்.

"அஸ்மத், உன் ஊட்லேர்ந்து ஒரு ஒயரு இஸ்த்துக் குடு."

"எதுக்குக்கா?"

தங்கம் கண்ணால் மேசையைக் காட்டினாள். அஸ்மத் பெட்டியையும் மேசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நடைபாதையைத் தாண்டி, வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளை ஒயர் ஊர்ந்து வந்தது. குமிழி கிளம்பியது. தங்கம் மூச்சு விட்டாள். அப்போதுதான் புருஷன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். தாடையில் சவரம் விட்டுப்போன இடம் இருந்தது.

மத்தியானம் எடுத்தார்கள். படியில் ஆளோடு பெட்டி திரும்பாது. டைல்ஸ் கடை ஆட்கள் நாலு பேர் போர்வையோடு தூக்கினார்கள். மூலைக்கு மூலை லோடு இறக்குகிற குரலிலேயே பேசிக்கொண்டார்கள்.

"லெப்ட்ல சாய்ச்சிக்கோ மச்சி."

"தலமாட்டத் தூக்கு. செவுத்துல இடிச்சா சும்மா வுட மாட்டான் நம்மள."

ஒருவன் சிரித்துவிட்டு, உடனே அழுதான். கீழே மேளம் ஏறியது. அறிவு கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள்.

தங்கத்தைக் குளியலறையில் உட்கார வைத்துத் தலையில் தண்ணி ஊற்றினார்கள். மூன்றாவது சொம்போ நாலாவதோ விழுந்தபோது கூடத்தில் குடம் கவிழ்கிற சத்தம் கேட்டது. அடுத்து அண்டா. தண்ணி தரையில் ஓடி வாசற்படியில் இறங்கும் சத்தம்.

பாடியை எடுத்ததும் வீட்டில் இருக்கிற தண்ணியெல்லாம் கொட்டிக் கழுவ வேண்டும். தெரியாதவளா அவள்? மாமியார் போன அன்றைக்கு அவளே குடம் குடமாகக் கவிழ்த்தவள். காலையிலிருந்து பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் தண்ணி நினைப்புக்கு வரவில்லை.

சொட்டச் சொட்ட எழுந்து ஓடினாள்.

கருப்புத் துணி தரையில் கிடந்தது. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி, தாயம்மா சின்னத் தொட்டியைத் தூக்கி வயிற்றோடு அணைத்து நின்றாள். நனைந்த இலை உள்ளே ஆடியது.

"இன்னாடி இது, சாக்கடத் தண்ணிய மூடி வெச்சிக்கினு கீறீங்க."

தங்கம் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"ஊத்தாத அண்ணி. மீன் குஞ்சு கீது. அவரு பொரிக்க வெச்சது."

தாயம்மா குனிந்து பார்த்தாள். "ஒண்ணியும் காணோமே."

"நானும் பாத்ததில்ல. கீதுன்னு சொன்னாரு."

இரண்டு பேரும் விடவில்லை. தண்ணி விளிம்பு வரை வந்து வந்து போனது. மற்ற பெண்கள் துடைப்பத்தோடு நின்றுவிட்டார்கள்.

"மேல இருக்கிற தொட்டிய வுட்டுட்டேன். ஓட்ற மீனு, கண்ணுக்குத் தெரியுது, பாவம். இதுல இன்னா கீது? இத பாரு தங்கம்" என்றாள் தாயம்மா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா? அவன் பொறந்தப்ப மொதல்ல தூக்கினவ நானு. தண்ணி நின்னா அவன் போவ மாட்டான். தாகத்துக்கு இங்கயே வந்து நிப்பான்."

தங்கம் தொட்டியைத் தன் பக்கம் இழுக்கவில்லை. பிடியைத் தளர்த்தவும் இல்லை.

"நிக்கட்டும்" என்றாள்.

குழாயை யாரோ மூடாமல் வந்திருந்தார்கள். குளியலறையில் பக்கெட் நிரம்பி வழிந்தது.

தாயம்மா தரையில் கிடந்த கருப்புத் துணியைக் காலால் ஒதுக்கினாள். பிறகு கேட்டாள்:

"எங்க வெக்கணும்?"

"கீழதான். ஆட்டாம."

இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். தங்கத்தின் தலையிலிருந்து குழாய்த் தண்ணி சொட்டியது. ஒரு சொட்டு தொட்டியின் விளிம்பில் விழுந்து வெளிப்பக்கம் வழிந்தது. அவள் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, முகத்தைக் கூரைக்குத் தூக்கி, முடியெல்லாம் முதுகுப் பக்கம் விழும்படி வைத்துக்கொண்டாள். அப்படியே, பார்க்காமல், கை மட்டும் அறிந்து, தொட்டியை அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறக்கினாள்.