ஓடுபாதையின் முனையில் ஒரு மே மரம்

ஒக்தாவ் பெலிசியேவுக்கு விமானம் செய்யத் தெரியும், பணம் பண்ணத் தெரியும், மேடை ஏறினால் இறங்காமல் பேசத் தெரியும். ஒரு செத்த மரத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு போக மட்டும் தெரியாது. அதனால்தான் முதல் தேர்தலில் மண்ணைக் கவ்வினார்.

பாரிஸில் ஒரு சலவைக்காரியின் மகனாகப் பிறந்தவர் அவர். மீசை அரும்பும் வயதில், அம்மா வெளுத்து மடித்து வைத்திருந்த ஊரார் படுக்கை விரிப்புகளை இறக்கையாகத் தைத்துக்கொண்டு குன்றிலிருந்து குதித்தார். கால் உடைந்தது. அம்மாவிடம் வாங்கிய அடி அதைவிட வலித்தது. ஆனாலும் குதித்ததற்கும் விழுந்ததற்கும் நடுவே கொஞ்ச நேரம் காற்று தன்னைத் தாங்கியது என்று எல்லோரிடமும் சத்தியம் செய்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை நீட்டிக்கொண்டே போவதுதான் பிறகு அவர் தொழிலாயிற்று. பட்டறை தொழிற்சாலையானது, தொழிற்சாலை மூன்றானது, போர் வந்து போனது, பெலிசியே என்ற பெயர் விமானங்களின் வாலில் ஏறியது.

தலை நரைத்த பிறகு அவருக்கு அரசியல் பித்து பிடித்தது. குடும்பம், நிலம், கோயில் மணி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடி இருக்க வேண்டும் என்று பேசுகிற பழமைவாதக் கட்சியில் சேர்ந்தார். வானத்தில் எதையும் பழசாக விட்டுவைக்காத மனிதர், தரையில் ஒரு செங்கல்லையும் நகர்த்தக் கூடாது என்றார். அவர் மனைவி ஜெர்மேனுக்கு அதை நினைத்தாலே சிரிப்பு. அவள் தென்மேற்கே, பெரிகோர் பக்கத்து மோன்ஃபெரால் கிராமத்துக் கசாப்புக்கடைக்காரர் மகள். மனைவியின் ஊரில் வீடு கட்டி, வீட்டு வாசலிலேயே புல்வெளியில் ஓடுபாதை போட்டு, அங்கிருந்தே நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார் ஒக்தாவ்.

அந்த ஊர் மேயர் ஆன்செல்ம் ரூகிதான் எதிர் வேட்பாளர். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், ஞாயிறு பூசை நேரத்தில் எதிரே இருக்கும் மதுக்கடையில் உட்கார்ந்து சீட்டு ஆடுபவர். அவர் வீட்டு வாசலில் பட்டை உரிந்து, உளுத்து, ஒரு பக்கம் சாய்ந்து, தொட்டால் விழும் நிலையில் ஒரு நெட்டை மரம் நின்றது. ஒக்தாவ் அதைப் பார்த்தார். எதிரிக்கும் உதவுகிற பெரிய மனுஷன் என்று பேர் வாங்க நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தார். பொதுக்கூட்டத்திலேயே அறிவித்தார்:

"மேயர் வீட்டு வாசல்ல நிக்குற அந்த உளுத்துப்போன கம்பத்த, என் தொழிற்சாலை கிரேன வரவழைச்சு இலவசமா அப்புறப்படுத்தித் தரேன்!"

கூட்டத்தில் ஒருவர்கூட கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி எழுந்து, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெர்மேன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் மனுஷா, அது கம்பமில்ல. மே மரம். ஒருத்தர் ஜெயிச்சா, ஊரே காட்டுக்குப் போயி நெட்ட பைன் மரமா பாத்து வெட்டி, உச்சியில மட்டும் கொஞ்சம் தழைய விட்டு, கொடி கட்டி, அவர் வாசல்ல நடும். நட்டத யாரும் தொடக்கூடாது. அதுவா உளுத்து, அதுவா விழணும். வெட்டுனா அந்த ஆளோட மரியாதைய வெட்டுன மாதிரி."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ ஊர்க்காரன் கம்பத்துக்கெல்லாம் கிரேன் கொண்டுவருவேன்னு நான் கண்டேனா?"

ஒக்தாவ் தோற்றார். தோற்றதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'பாரிஸ்காரர்' என்றே பெயர் நிலைத்தது உறைத்தது. ரொட்டிக் கடையில் பாரிஸ்காரர், தபால் நிலையத்தில் பாரிஸ்காரர், பாவமன்னிப்புக் கூண்டுக்குள் பாதிரியார்கூட, "சொல்லுங்க பாரிஸ்காரரே" என்றார். நாடாளுமன்றம் வேண்டும்தான். அதைவிட, தன் வாசலில் ஒரு மே மரம் வேண்டும் என்று அந்த மனிதர் உள்ளுக்குள் ஏங்கினார். வெளியே சொல்ல வெட்கம். ஜெர்மேனுக்கு மட்டும் தெரியும். ஆன்செல்ம் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவர் தொப்பியைக் கழற்றியது மேயருக்காக அல்ல என்று.

அடுத்த தேர்தல் வந்தது. எதிரில் மறுபடியும் ஆன்செல்ம்தான். இந்த முறை விமானத்தைக் கொட்டகையில் பூட்டிவிட்டு நடந்தே ஓட்டுக் கேட்டார். பண்ணை வீடுகளில் அந்தப் பக்கத்து வழக்கப்படி சூப்பின் கடைசி மிச்சத்தில் சிவப்பு வைனை ஊற்றிக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். முதலில் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார், பிறகு பழகிப்போனது. மாட்டுச் சந்தையில் பசுவின் பின்பக்கத்தைத் தட்டினார். எந்த மரத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

தொகுதியில் மயிரிழையில் ஜெயித்தார். மோன்ஃபெரால் கிராமத்தில் மட்டும் ஆன்செல்முக்குத்தான் அதிக ஓட்டு.

பதவியேற்கப் பாரிஸ் போனவர் ஒவ்வொரு நாளும் ஜெர்மேனுக்குப் போன் செய்தார். சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து ஒரே கேள்விதான்.

"அப்புறம், ஊர்ல ஒண்ணும் விசேஷமில்லையே?"

"கோழி முட்ட போட்டுச்சு."

"வாசல்ல?"

"கூண்டுலதான். வாசல்ல எதுக்குப் போடப் போகுது?"

போனை வைத்துவிட்டு ஒக்தாவ் பெருமூச்சு விட்டார். ஓட்டே போடாத ஊர் மரமா நடும் என்று தன்னையே கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினார், தன் புது விமானத்தில். 'சிட்டு' என்று அதற்குப் பெயர். இரண்டே பேர் உட்காரலாம். தாமே ஓட்டினார். பக்கத்தில் பாரிஸிலிருந்து வந்த கர்னல் வொத்ரே. ராணுவத்துக்கு இந்தச் சிட்டுகளை வாங்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர். சிரிக்கவே மாட்டார். ஓடுபாதையில் அழகாக இறக்கிக் காட்ட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணம்.

வால்நட் தோப்புகளைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, வீட்டுக் கூரை தெரிந்தது. ஓடுபாதை தெரிந்தது. ஓடுபாதையின் முனையில், அவர் வாசலுக்கு நேர் எதிரே, மாதா கோயில் கோபுரத்தோடு போட்டி போடும் உயரத்தில் ஒரு பைன் மரம். உச்சியில் ஒரு கொத்துத் தழை. தழைக்குக் கீழே மூவர்ணக் கொடி படபடத்தது.

"மரம்!" என்று கத்தினார் ஒக்தாவ், சந்தோஷத்தில்.

"மரம்!" என்று கத்தினார் கர்னல், உயிர் பயத்தில்.

"நட்டுட்டாங்கய்யா! எனக்கு நட்டுட்டாங்க!"

"திருப்புங்க! மொதல்ல திருப்புங்க!"

காற்று அடித்த திசைக்கு அந்த முனை வழியாகத்தான் இறங்க முடியும். மறுமுனையில் ஆறு. ஒக்தாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து, கொடியை உரசாத குறையாகச் சுற்றி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பசும்புல் வயலில் தொப்பென்று இறக்கினார். சிட்டு இரண்டு குதி குதித்தது, மூக்கை ஒரு வைக்கோல் போருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டது. வயல் ஆன்செல்ம் ரூகியுடையது.

ஊரே ஓடி வந்தது. முன்னால் ஆன்செல்ம், சட்டைக் கையை மடித்துவிட்டு, உடம்பெல்லாம் பைன் பிசினோடு. மரத்தைத் தூக்கி நிறுத்திய கயிற்றின் தலைப்பைப் பிடித்தவரே அவர்தான்.

"தப்பு எங்களுதுதான் பாரிஸ்காரரே" என்றார் அவர், மூச்சு வாங்க. "ஜெயிச்சவர் வாசலுக்கு நேரா நடணும்கிறது வழக்கம். வாசலப் பாத்தோம். வாசலுக்கு எதுக்க என்ன இருக்குன்னு எவனும் பாக்கல."

"நான் பாத்தேன்" என்றாள் அந்த நாற்காலிக் கிழவி. "ஒரு பயலும் என்னக் கேக்கல."

கர்னல் இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, ஒருவழியாக வாய் திறந்தார். "பெலிசியே, அத இப்பவே வெட்டச் சொல்லுங்க. ஓடுபாதையில இறங்குறதப் பாக்கத்தான் வந்தேன். இன்னொரு தடவ ஏறி, ஒழுங்கா இறக்கிக் காட்டுங்க. இல்லாட்டி பேச்சு முடிஞ்சது."

ஆன்செல்ம் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கோடரிக்காகக் கை நீட்டினார். நட்டவர்களே வெட்டினால் அவமரியாதை கொஞ்சம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. ஜெர்மேன் கணவரின் முகத்தையே பார்த்தாள். மூன்று தொழிற்சாலைகளின் வேலை அந்தக் கர்னலின் தலையசைப்பில் தொங்குவது அவளுக்கும் தெரியும்.

ஒக்தாவ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். தண்டில் பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். 'எங்கள் பிரதிநிதிக்கு மரியாதை.' எங்கள் என்ற சொல்லை மட்டும் யாரோ இரண்டாம் தடவை பெயின்ட் அடித்துத் தடிப்பாக்கியிருந்தார்கள்.

"கோடரிய வச்சிடுங்க மேயரே" என்றார். "மரம் நிக்கட்டும். அதுவா உளுத்து, அதுவா விழட்டும்."

"அப்ப உங்க ஓடுபாத?"

"அது வெறும் புல்லு. வேற பக்கம் போட்டுக்கலாம். உங்க வயல்தான் தோதா இருக்கு. விப்பீங்களா?"

ஆன்செல்ம் தன் வயலைப் பார்த்தார். சிட்டின் சக்கரங்கள் அதில் இரண்டு நீளக் கோடு கிழித்திருந்தன. "பாதி உழுதுட்டீங்க. மீதியையும் உழுதுக்குங்க. ஆனா கிரேன் கொண்டுவந்தீங்கன்னா கால ஒடிச்சிருவேன்."

ஜெர்மேன் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கணவரைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பிறகு எல்லோரையும் சாப்பிட விரட்டினாள். மரம் நட்டவர்களுக்கு வீட்டுக்காரர் விருந்து வைக்க வேண்டும். அவள் வெள்ளிக்கிழமையிலிருந்தே அடுப்பை விட்டு நகரவில்லை. போனில் சொன்ன கோழி அதற்குள் குழம்பாகிவிட்டிருந்தது.

மரத்தடியில் நீள மேஜை. கர்னல் முதலில் விறைப்பாக உட்கார்ந்தார். வாத்துக் கறி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, வைன் வந்தது. சூப்புக் கிண்ணத்தில் ஒக்தாவ் வைனை ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிக் குடித்ததைக் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு தாமும் முயன்று பதக்கங்களையெல்லாம் நனைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மனிதர் இளகிவிட்டார்.

"அந்த மரத்தச் சுத்திக்கிட்டு, அந்தத் துண்டு வயல்ல, அந்த விமானம் நின்னுச்சு" என்றார் கர்னல், தமக்குத்தாமே சொல்வதுபோல. "எங்க பசங்க இறங்கப்போறதும் அந்த மாதிரி வயல்லதான். ஓடுபாதையப் பாத்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சரி, வாங்கிக்கிறேன்."

மேஜை முழுக்கக் கிண்ணங்கள் உயர்ந்தன. ஒக்தாவ் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. மேஜையின் மறுகோடியில் கிழவியின் நாற்காலியைத் தம் கையால் இழுத்துப் போட்டு, அவளை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

கர்னல் ஆன்செல்மின் தோளில் சாய்ந்தார். "இருந்தாலும் மேயரே, ஒரு மரத்துக்காக ஓடுபாதையையே விடுறதாவது! உங்க பாரிஸ்காரருக்குக் கொஞ்சம் கிறுக்குதான், என்ன?"

ஆன்செல்ம் கத்தியைக் கீழே வைத்தார். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தார்.

"பாரிஸ்காரரா?" என்றார். "இந்த மேஜையில உங்களத் தவிர அப்படி யாரும் இல்லையே கர்னல்."